அம்மாவிடம் சாட்சி கேட்கும் சிகிச்சை: இந்த சிபிடி நம்மவர்களுக்கு ஒத்துவருமா?

ஒட்டுப்பால் · திங்கள், இரவு 10.12

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 66 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் 31 வருடம் பால் வெட்டினார். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், அப்புறம் அந்த நிலமும் கைமாறியது. இப்போது தாமான் குடியிருப்பில் என்னோடு இருக்கிறார். அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது.

ஆறேழு மாதமாக அம்மா ஆளே மாறிவிட்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரை அப்படியேதான். கோயிலுக்குப் போவதில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்துவிடுகிறார். கேட்டால் "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்" என்கிறார். அரசாங்க கிளினிக்கில் ரத்தம், தைராய்டு, இனிப்புநீர் எல்லாம் பார்த்தார்கள், சரியாகத்தான் இருக்கிறது. மனச்சோர்வு என்று சொல்லி மருந்து தொடங்கி, மனநல நிபுணரைப் பார்க்கத் தேதியும் கொடுத்திருக்கிறார்கள். தேதி தள்ளி இருந்ததால் வெளியூரில் தனியாக ஓர் ஆலோசகரிடம் நான்கு முறை கூட்டிப்போனேன். சிபிடி என்றார், அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பார்க்கிற பேச்சுச் சிகிச்சை. மலாயில் ஒரு தாள், அதில் கட்டங்கள். முதல் கட்டத்தில் மனதில் வந்த எண்ணத்தை எழுத வேண்டும், அடுத்த கட்டத்தில் அதற்கு ஆதாரம், அதற்கடுத்து எதிரான ஆதாரம்.

நான்காவது முறை திரும்பி வரும்போது காரில் அம்மா சொன்னார்: "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா எங்கிட்ட சாட்சி கேக்குது. நான் என்ன கோர்ட்டுலயா நிக்கிறேன்?"

அதோடு போகமாட்டேன் என்றுவிட்டார். இந்தச் சிகிச்சையே இப்படித்தானா, அல்லது நாங்கள் பார்த்த விதம் அப்படியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கிராணி · திங்கள், இரவு 10.50

தோட்டத்தில் 27 வருடம் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன் நான். இந்த மனச்சோர்வு எல்லாம் அப்போது கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மரத்துக்குப் போகிறவனுக்குச் சோர்வடைய நேரம் ஏது? சும்மா இருப்பதால் வருகிற நோய் இது. காசை வீணாக்காதீர்கள்.

தேஓஐஸ் · திங்கள், இரவு 11.05

அக்கா, செயலி இருக்கிறதே, போனிலேயே சிபிடி செய்யலாம். ஆனால் தமிழில் உருப்படியாக எதையும் நான் பார்க்கவில்லை. உங்கள் அம்மா டைப் பண்ணுவாரா என்பது அடுத்த கேள்வி.

கிள்ளான்வாசி · செவ்வாய், காலை 6.30

நான் பதிவுபெற்ற கவுன்சலர். இங்கே சிகிச்சை தர முடியாது, தெரிந்ததைச் சொல்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஒரு விஷயம். "இருந்து என்ன பிரயோசனம்" என்று அம்மா சொன்னால் அதை அப்படியே கடந்து போகாதீர்கள். செத்துப்போய்விட வேண்டும் என்று தோன்றுகிறதா, அதற்கு ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் வரும். போலீஸ் வந்துவிடும் என்று வாயைத் திறக்காதவர்களும் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-இலேயே நீக்கிவிட்டார்கள். அவசரத்துக்கு சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929. அம்மா ஆம் என்று சொன்னால் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

ஒட்டுப்பால் · செவ்வாய், இரவு 9.20

கேட்டேன் அக்கா. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன், முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "அப்படியெல்லாம் இல்லடி. எதுலயும் பிடிப்பு இல்ல, அவ்வளவுதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இத கேக்க உனக்கு இவ்வளவு நாளாச்சா" என்றார்.

பழைய கிராணி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் மனச்சோர்வே கிடையாது என்றால், ஸ்டோரில் களைமருந்துக்கு ஏன் இரட்டைப் பூட்டு போட்டு வைத்தார்கள்? ஐயாவுக்குத் தெரியாததா.

கிள்ளான்வாசி · செவ்வாய், இரவு 11.15

கேட்டது நல்லது. இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்தது பழைய பாட்டின் ஒரு சரணம்தான். ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் பிலடெல்பியாவில் தொடங்கிய முறை அது. மனச்சோர்வில் இருப்பவர் தன்னைப் பற்றியும், சுற்றியுள்ள உலகத்தைப் பற்றியும், வரப்போகிற நாளைப் பற்றியும் இருட்டாகவே நினைக்கிறார் என்று பெக் கவனித்தார். அந்த நினைப்பை எடுத்துவைத்து, இது உண்மைதானா என்று நோயாளியோடு சேர்ந்து சோதிக்க வேண்டும். அவருக்கு முன்பே, 1955 வாக்கில், ஆல்பர்ட் எல்லிஸும் இதே திசையில் போனார். எல்லிஸ் கொஞ்சம் அதட்டலான ஆள், பெக் கேள்வி கேட்டே நகர்த்துவார். "சேர்ந்து சோதிப்பது" என்பதை விட்டுவிட்டு வெறும் தாளை மட்டும் கொடுத்தால் அம்மா சொன்னதுதான் நடக்கும். கோர்ட்டு.

ஆனால் சிபிடி அங்கேயே நின்றுவிடவில்லை. 1996-இல் நீல் ஜேக்கப்சன் என்பவரும் உடனிருந்தவர்களும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு குசும்பான வேலை செய்தார்கள். பெக்கின் சிகிச்சையைத் துண்டாக்கினார்கள். ஒரு குழுவுக்குச் செயல் பகுதி மட்டும்: நாளைத் திட்டமிடுவது, விட்டுப்போன காரியங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்குவது. இன்னொரு குழுவுக்கு அதோடு எண்ணங்களைச் சோதிப்பதும் சேர்த்து. மூன்றாவது குழுவுக்கு முழுச் சிகிச்சை. கடைசியில் மூன்றும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. சாட்சி, வாதம் எதுவும் இல்லாத குழுவும் எழுந்து நின்றுவிட்டது.

அதிலிருந்து வளர்ந்ததுதான் பிஹேவியரல் ஆக்டிவேஷன். தமிழில் செயலூக்கச் சிகிச்சை என்று சொல்லிக்கொள்ளலாம். மனம் சரியானால்தான் எழுந்து போவேன் என்று காத்திருந்தால் அது சரியாகவே ஆகாது. முதலில் கால் போகட்டும், மனம் பின்னால் நொண்டிக்கொண்டாவது வரும்.

2016-இல் இங்கிலாந்தில் 440 பேரை வைத்து இதையும் முழு சிபிடியையும் ஒப்பிட்டார்கள். சிபிடியைத் தந்தவர்கள் நன்கு பயின்ற நிபுணர்கள். செயலூக்கத்தைத் தந்தவர்கள் குறுகிய பயிற்சி பெற்ற இளநிலை ஊழியர்கள். பலன் குறையவில்லை, செலவுதான் குறைந்தது. இதுகூட வெள்ளைக்காரர் ஊர்க்கதை என்பீர்கள். கோவாவில் விக்ரம் பட்டேல் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மனநலத் தொழிலில் இல்லாத உள்ளூர்க்காரர்களே ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறிலிருந்து எட்டு முறை உட்கார்ந்து பேசி இதைச் செய்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கே அது வேலை செய்தது. பேசியது உள்ளூர் மொழியில்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். எண்ணத்தை அலசும் பகுதிக்கு மொழி கூர்மையாக இருக்க வேண்டும். அம்மாவின் தமிழை மலாயில் எழுதி, அதை ஆங்கிலப் புத்தகத்து வழியில் கேள்வி கேட்டால் பாதி வழியில் சிந்திவிடும். செயல் பகுதி அவ்வளவு சிந்தாது. ஆலோசகர் கொடுத்த தாளைத் தூக்கிப்போடாதீர்கள், ஆனால் இப்போதைக்கு அலமாரியில் இருக்கட்டும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிபுணரின் தேதியையும் விட்டுவிடாதீர்கள்.

பால்குடம் · புதன், காலை 8.02

எல்லாம் நம் பெரியவர்கள் சொன்னதுதானே. மனம் போல வாழ்வு. வெள்ளைக்காரன் ஆய்வு செய்து சொன்னால்தான் நமக்கு ஏறும். அம்மாவுக்கு யாராவது செய்வினை வைத்திருக்கலாம், ஒரு தடவை மந்திரித்துப் பாருங்கள். அதிலொன்றும் நஷ்டமில்லை. இப்போது தியானம் கூட ஆஸ்பத்திரியில் சொல்லித்தருகிறார்களாம்.

கிள்ளான்வாசி · புதன், மதியம் 1.10

மந்திரிப்பதால் அம்மாவுக்கு ஆறுதல் கிடைத்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அதற்காக மருந்தை நிறுத்தச் சொல்கிற சாமியாரிடம் மட்டும் போகாதீர்கள்.

தியானம் பற்றிச் சொன்னது சரிதான். 2002-இல் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் மூவரும் மனவிழிப்புப் பயிற்சியை சிபிடியோடு கோத்தார்கள். மனச்சோர்வு ஒருமுறை போய்த் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு, மறுபடி விழாமல் இருக்க அது. இப்போதுதான் சோர்வில் ஆழ்ந்திருக்கிற அம்மாவைக் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் அதே எண்ணங்களோடு தனியாக அடைத்துவைத்த மாதிரி ஆகலாம்.

ஸ்டீவன் ஹேய்ஸின் ஏற்பு-உறுதிச் சிகிச்சை இன்னொரு வழி. எண்ணம் உண்மையா பொய்யா என்று அது விசாரிப்பதே இல்லை. "நான் உதவாதவள்" என்பதை "நான் உதவாதவள் என்றோர் எண்ணம் வந்திருக்கிறது" என்று ஒரு முழம் தள்ளிவைத்துப் பார்க்கச் சொல்லும். பக்கத்து வீட்டில் மின்னல் எஃப்எம் சத்தமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போய் அணைக்க முடியாது. அதற்காகச் சாம்பார் வைக்காமல் இருப்போமா?

பழைய லோரி · புதன், இரவு 11.48

நான் இந்தக் குழுவில் எழுதியதே இல்லை. ஆனால் சாட்சி கேட்பதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், என்னைக் காப்பாற்றியது சாட்சிதான்.

ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு லோரி ஓட்டுகிறேன். நான்கு வருடம் முன்பு நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதைக்குள் திடீரென்று நெஞ்சு படபடத்தது, கை மரத்தது, மூச்சு வரவில்லை. செத்தோம் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து சுரங்கம் பக்கமே போகவில்லை. செம்மோர், சுங்கை சிப்புட், கோலகங்சார் என்று பழைய சாலையில் சுற்றிப் போய் அங்கே நெடுஞ்சாலை ஏறுவேன். முதலாளி தவுக்கே கேட்டால் மழை, ரிப்பேர் என்று ஏதாவது கதை. எட்டு மாதம் ஓடியது.

பிறகு பார்த்த சைக்காலஜிஸ்ட் ஒரு சீனப் பெண். என்னை அவர் அறைக்குள்ளேயே நின்ற இடத்தில் ஓடச் சொன்னார். ஐஸ் பாக்கெட் குடிக்கிற ஸ்ட்ராவை வாயில் வைத்து அதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொன்னார். அதே படபடப்பு, அதே மூச்சுத் திணறல். "இப்போது செத்துவிட்டீர்களா?" என்றார். சிரித்துவிட்டேன். பீதி வரும்போது ரத்த அழுத்தம் ஏறத்தான் செய்யும், அதனால் மயங்கி விழுவது அபூர்வம் என்றும் விளக்கினார்.

அப்புறம் ஓர் அட்டை கொடுத்தார். சுரங்கத்துக்குள் என்ன நடக்கும் என்று நான் நம்புகிறேனோ அதை எழுத வேண்டும். "நடுவில் மயங்கி விழுவேன். 90 விழுக்காடு நிச்சயம்." முதல் நாள் நண்பன் காரில் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வெளியே வந்ததும் காரை ஓரம்கட்டி அட்டையைத் திருப்பி என்ன நடந்தது என்று எழுதினேன்: வியர்த்தது, மயங்கவில்லை. அப்படிப் பல தடவை. பிறகு நானே காரை ஓட்டினேன், நண்பன் பக்கத்தில். பிறகு தனியாக. அதற்குப் பிறகுதான் ஆகக் கஷ்டமான பாடம்: கையில் தண்ணீர் போத்தல் இல்லாமல், ரேடியோ இல்லாமல், கண்ணாடியை இறக்காமல் போக வேண்டும். அந்தப் போத்தல்தான் என்னைக் காப்பாற்றுகிறது என்று மூளை நம்பிக்கொண்டிருக்குமாம். எல்லாம் முடிந்துதான் லோரி.

அந்தச் சுரங்கம் ஏறக்குறைய 800 மீட்டர். ஒரு நிமிடம் கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்காக எட்டு மாதம் டீசலை வீணாக்கியிருக்கிறேன்.

கிள்ளான்வாசி · வியாழன், காலை 7.05

அண்ணே, பாடப்புத்தகத்தை விட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். பயம் தணியும் வரை அங்கேயே இரு என்பது பழைய முறை. எதிர்பார்த்ததும் நடந்ததும் எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதை மூளைக்குக் காட்டு என்பது இப்போதைய முறை. மிஷெல் கிராஸ்கே குழுவினர் 2014-இல் இதைத்தான் வலியுறுத்தினார்கள். உங்கள் சாட்சி சாலையில் கிடைத்தது. ஒட்டுப்பாலின் அம்மாவிடம் அதை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

பழைய கிராணி · வியாழன், இரவு 8.40

இரண்டு நாளாக அந்தப் பூட்டு என்ற வார்த்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சாவி என்னிடம்தான் இருந்தது. ஏன் பூட்டினோம் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் நான் எழுதியது தவறு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் காலையில் பெரட்டு எடுப்போம். பெயர் கூப்பிட்டு ஆள் வரவில்லை என்றால் வேலையை மேற்பார்க்கிற மண்டோர், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு ஒருவரை அனுப்புவார். காய்ச்சலா, சண்டையா, குடித்துக் கிடக்கிறானா என்று எப்படியும் தெரிந்துவிடும். அன்பினால் அனுப்பியதில்லை, வேலை கெடக்கூடாதே என்றுதான். ஆனாலும் ஒரு மனிதன் வரவில்லை என்பது விடிவதற்குள் இன்னொருவருக்குத் தெரியும். பால் எடை போடும் இடத்தில் பெண்கள் வரிசையில் நின்று பேசாத பேச்சா. தாமானில் கதவைச் சாத்தினால் யார் பெயர் கூப்பிடுவார்?

கிள்ளான்வாசி · வியாழன், இரவு 9.30

ஐயா, செயலூக்கத்துக்கு அடிப்படை போட்ட பீட்டர் லூவின்சன் 1970-களில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். நாம் ஒன்றைச் செய்தால் பதிலுக்கு மனதுக்கு இதமான ஏதோ ஒன்று திரும்பி வர வேண்டும். அன்றைய பாலின் எடை, ஒரு பேச்சு, ஒரு சிரிப்பு, எதுவானாலும் சரி. அது வருவது நின்றால் மனம் வற்றுகிறது. அம்மாவுக்கு வேலை, கணவர், வரிசைப் பேச்சு மூன்றும் சில வருடத்துக்குள் போயிருக்கின்றன.

ஒட்டுப்பால் · ஞாயிறு, இரவு 10.00

தோற்றுவிட்டேன். நேற்று, ஒரு நாள் பொழுதை மணிக்கணக்காகப் பிரித்து எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். காலை நடை, கோயில், மாலையில் சித்தி வீடு. கோயில் வாசல் வரை வந்துவிட்டுச் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிட்டார். அப்பா இல்லாமல் வந்ததை எல்லோரும் கேட்பார்களாம். இன்று நாற்காலியை விட்டு எழவே இல்லை. மனநிலைக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் சொல்லுங்கள் என்றேன், "நான் ஸ்கூலுக்கே போகல, எனக்கு எதுக்கு மார்க்கு" என்றார்.

கிள்ளான்வாசி · திங்கள், காலை 6.15

நீங்கள் போட்டது உங்கள் பட்டியல், அம்மாவுடையது இல்லை. கூட்டமுள்ள கோயில் பெரிய படி. நாற்காலியிலிருந்து வாசல் கேட் வரை போவதும் ஒரு படிதான். பத்து நிமிடத்தில் முடிகிற காரியம், அம்மாவுக்குக் கை பழகியது, முடிந்தால் இன்னொருவருக்கு அது தேவைப்பட வேண்டும். அப்படி ஒன்றைத் தேடுங்கள்.

தூக்கம் பற்றியும் கேட்கிறேன். எத்தனை மணிக்குப் படுக்கிறார்?

ஒட்டுப்பால் · திங்கள், காலை 7.50

எட்டு மணிக்கே. இரண்டு மணிக்கு விழிப்பார். ஆறு வரை புரண்டுகொண்டே இருப்பார்.

கிள்ளான்வாசி · திங்கள், மதியம் 12.40

எட்டிலிருந்து இரண்டு. ஆறு மணி நேரம் தூங்கியாயிற்று! தூக்கம் இல்லாமல் இல்லை, படுக்கைதான் அதிகம். 31 வருடம் இருட்டோடு எழுந்த உடம்பு அது. தூக்கமின்மைக்கான சிபிடி இங்கேதான் கை வைக்கும். பத்து மணிக்கு முன் படுக்க வேண்டாம், நாலரைக்கு எழுந்துவிட வேண்டும், பகலில் படுக்கையே கூடாது. நடுவில் விழித்து நெடுநேரம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வந்து உட்காரலாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பு இந்தச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கழகம் 2016-இலேயே சொல்லிவிட்டது. மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே தொடங்குங்கள். வலிப்பு, இருதுருவ நோய் (பைபோலார்) உள்ளவர்களுக்கு இது ஆகாது. பழைய லோரி அண்ணன் போன்றவர்கள் தாங்களாகச் செய்துபார்க்கவே கூடாது, முதல் இரண்டு வாரம் பகலில் கண் சொருகும்.

தேஓஐஸ் · திங்கள், மதியம் 12.58

நான் பகல் ரெண்டு மணி வரை தூங்குகிறேன். எனக்கு என்ன சிகிச்சை?

பழைய கிராணி · திங்கள், மதியம் 1.15

பெரட்டு.

ஒட்டுப்பால் · மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9.10

மன்னிக்கவும், இந்தப் பக்கம் வரவே நேரமில்லை. நல்ல காரணம்தான்.

நாலரை மணிக்கு எழுவது அம்மாவுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. பத்து வரை விழித்திருப்பதுதான் பாடாக இருந்தது. இரண்டு வாரம் நானும் கூட உட்கார்ந்து பட்டாணி உரித்தேன், கீரை ஆய்ந்தேன், வீட்டில் இருக்கிற துணியெல்லாம் மடித்தேன். இப்போது சில நாள் நாலு மணி வரை தூங்குகிறார்.

பத்து நிமிட வேலைக்குப் பக்கத்து வீட்டு அக்கா கிடைத்தார். காலையில் ஆறு மணிக்கு ஃபேக்டரி பஸ் ஏறுகிறவர். அவர் மகளுக்குத் தலை பின்னிவிட ஆள் இல்லை. அம்மாவிடம் கேட்கும்படி அவரிடம் சொன்னது நான்தான், இதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். முதல் வாரம் அம்மா முணுமுணுத்துக்கொண்டே பின்னினார். ஒரு நாள் காய்ச்சலாக இருந்ததென்று போகவில்லை. ஆறரைக்கு அந்தப் பிள்ளை சீப்போடு வந்து வாசலில் நின்றது. கிராணி ஐயா, உங்கள் ஞாபகம்தான் வந்தது.

மார்க்கு விஷயம் இப்படித் தீர்ந்தது. "சரி, பால் கணக்கில் சொல்லுங்கள்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னைக்கு மழை" என்றார். மழை என்றால் வெட்டு இல்லை, அன்றைக்குப் பாலும் இல்லை. அன்றிலிருந்து காலண்டரில் அப்படியே எழுதுகிறேன்: மழை, மழை, கால் வாளி, மழை, அரை வாளி, அரை வாளி, மழை, முக்கால். எந்த நாளில் என்ன செய்தார் என்பதும் பக்கத்தில் இருக்கிறது. தலை பின்னிய நாளில் மழை குறைவு. நானும் அம்மாவும் சேர்ந்து காலண்டரைப் பார்க்கிறோம். சாட்சி என்ற வார்த்தையை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

நிபுணரின் தேதி அடுத்த மாதம். போவோம். கோயிலுக்கு இன்னும் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தூரத்து மாமா ஒருவரின் மூன்று ஏக்கர் சின்னத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். கூலிக்கு வெட்டுகிற பங்களாதேஷ் தம்பி அப்போதுதான் பால் எடுத்து முடித்திருந்தான். அம்மா ஒரு மரத்தின் முன் நின்றார். வெட்டுக்கோட்டை விரலால் தடவினார். "யாருடா இத வெட்டுனது? பட்டைய இவ்வளவு ஆழமாவா போடுவாங்க? மரம் புண்ணாகிக் கெடக்குது பாரு" என்று சத்தம் போட்டார். அவனுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு வங்காளம் தெரியாது. கத்தியை வாங்கி, பட்டையில் எத்தனை ஆழம் போகலாம் என்று இன்னொரு மரத்தில் ஒரு சீவு சீவிக் காட்டினார்.

அன்றைய கணக்கு: ஒன்றரை வாளி.

பழைய கிராணி · சனி, இரவு 9.32

மறுபடி எப்போது போகிறீர்கள்? நானும் அந்த மரத்தைப் பார்க்க வேண்டும்.